உயிர்களின் மணமுறையும் பேடையின் தெரிவும்

தமிழிலக்கண நூல்களுட் பழைமை வாய்ந்த தொல்காப்பியத்தைப் பயில்வோர், அதன் மரபியலிலே உயிர்களின் ஆண்பாற் பெயர்களும் பெண்பாற் பெயர்களும் வகுத்து ஓதப்பட்டிருத்தலைக் காண்பர். களிறும் பிடியும், கடுவனும் மந்தியும், கலையும் பிணையும் என அவ்வவ்வினத்திற்கு உரிய பெயரைத் தெரிந்துரைத்த ஆசிரியர், சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயரை வழங்குமிடத்து மயிலை மட்டும் விலக்கிவிடுகின்றார். தோகை தாங்கி நிற்கும் அவ்வாண்பறவை பெண்மைச் சாயலுடையது என்பதே அவ்விலக்கிற்குப் பேராசிரியர் என்னும் உரைகாரர் காட்டும் காரணம். ஆணாய்ப் பிறந்த ஒன்று பெண்மைக்குரியதென நாம் கருதும் ஒப்பனையைப் பூண்டு நிற்பது என்னை? இவ்வினா இலக்கணத்தார்க்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு இயற்கைநூற் புலவருள் தலைசிறந்த ஒருவரையும் இது பல்லாண்டு வருத்தியது.

உயிர்கள் தத்தம் துணையை நாடிப் பெறும் முறைகளுள் விந்தையான சிலவற்றை எடுத்துக்கூறி, அவற்றினூடே ஓடும் ஒரு பொதுமையை விளக்குதலே இக்கட்டுரையால் யாம் செய்யக் கருதியது. அப்பொதுமை யாதெனின், ஆணின் ஆடம்பரம் என்று நாம் காண்பனவற்றுட் பெரும்பாலன பெண்ணின் தெரிவினால் விளைந்தவை. அத்தெரிவு உண்டென்பதை அறிஞருலகம் முழுமையாய் ஏற்றுக்கொள்ள நூறாண்டுக்குமேற் சென்றது. அத்தாழ்வுக்குக் காரணம் பறவைகளிடத்தன்று, பார்த்தவரிடத்தே இருந்தது என்பதாம்.

சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் பெருநூலை 1859-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாழ்க்கைப் போராட்டத்திற்கு உதவும் உறுப்பும் குணமும் உடையவை பிழைத்து வழிவழியாகப் பெருகும். அவை இல்லாதவை குன்றி மறையும் என்பதே அவர் நிறுவிய இயற்கைத் தெரிவு என்னும் கொள்கையின் சாரம். இக்கொள்கைக்கு மயிலின் தோகை நேர்மாறாக நின்றது. ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள இறகுச் சுமையை இழுத்துக்கொண்டு புதர்க்காட்டில் திரிதல், பகை விலங்கினின்றும் தப்பியோடுவதற்குத் துணையாகுமா? ஆண்டுதோறும் உதிர்ந்து ஆண்டுதோறும் புதிதாய் முளைக்கும் அவ்விறகுகளுக்கு உடல் செலவிடும் ஊட்டந்தான் எவ்வளவு! 1860-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரநூல் அறிஞர் ஏசா கிரே என்பவர்க்கு எழுதிய கடிதமொன்றில், மயிலிறகைக் காணும்போதெல்லாம் தமக்குக் குமட்டுகின்றது என்னும் கருத்துப்பட டார்வின் எழுதினார். அத்துணைத் தொல்லை தந்தது அவ்விறகு.

பதினோராண்டு கழித்து, 1871-இல், மனிதனின் வழித்தோற்றம் பற்றி எழுதிய நூலில் அவரே விடையும் பகர்ந்தார். இணையைப் பெறுதற்கு இரு வழிகள் உள. ஆண்கள் தம்முட் பொருது ஒன்றையொன்று வெல்லுதல் ஒரு வழி. பெண் தன் விருப்பிற்கு இயைந்த ஆணைத் தெரிந்துகொள்ளுதல் மற்றொரு வழி. மானின் கொம்பு முன்னதற்குச் சான்று. மயிலின் தோகை பின்னதற்குச் சான்று. பல்லாயிரந் தலைமுறையாகப் பேடைகள் அழகிய தோகையையே விரும்பித் தெரிந்தமையால் தோகை வளர்ந்துகொண்டே வந்தது என்றார் அவர். இதற்குப் பால்வழித் தெரிவு என்று பெயர்.

ஆண்களின் போரைப் பற்றிய பகுதியை அக்கால அறிஞர் எளிதில் ஒப்புக்கொண்டனர். பேடையின் தெரிவைப் பற்றிய பகுதிக்கோ எதிர்ப்பு மிகுந்தது. இயற்கைத் தெரிவென்னும் கொள்கையை டார்வினோடு ஒருங்கே கண்டறிந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பாரே இதனை மறுத்தார். ஆணின் ஒளிமிக்க நிறம் அதனுடலில் மிக்குநிற்கும் ஊக்கத்தின் விளைவு என்றும், பேடையின் மங்கிய நிறம் அடைகாக்குங்கால் பகைவர் கண்ணிற் படாமைப்பொருட்டு அமைந்தது என்றும் அவர் கொண்டார். பறவையொன்று அழகைச் சீர்தூக்கி ஒன்றை விடுத்து ஒன்றைக் கொள்ளும் என்பது பலர்க்கு நகைப்பாகவே தோன்றிற்று. அக்கால இங்கிலாந்தின் நிலையையும் ஈண்டு நினைத்தல் தகும். மணமான பெண் தன் பொருளைத் தன்னுடையதாக வைத்திருக்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முழுமையாய்ப் பெற்றாள். பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்டிருள் ஒரு சாரார்க்கு 1918-இலேதான் கிட்டியது. தம் இல்லத்துப் பெண்களின் தெரிவுக்கே இடந்தராத சமுதாயம் மயிற்பேடையின் தெரிவை நம்பத் தயங்கியதில் வியப்பில்லை.

வாதத்தினால் தீராத இவ்வழக்கைக் கத்தரிக்கோலும் பசையும் தீர்த்துவைத்தன எனின் அது மிகையாகாது. கீழை ஆப்பிரிக்காவிலுள்ள கெனியாவின் மேட்டுநிலப் புல்வெளிகளில் நெடுவாற் பறவையொன்று வாழ்கின்றது. நம் நாட்டுத் தூக்கணாங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்த அச்சிறு பறவையின் ஆணுக்கு, இனப்பெருக்கக் காலத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள கரிய வால் வளர்கின்றது. சுவீடன் நாட்டு விலங்கியலார் மால்ட்டே ஆண்டர்சன், சில ஆண்பறவைகளின் வாலை நறுக்கிக் குறுக்கினார். நறுக்கிய இறகுகளை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி அவற்றை இயற்கையினும் நீளமாக்கினார். இன்னுஞ் சிலவற்றின் வாலை நறுக்கி மீண்டும் அவ்வளவிலேயே ஒட்டினார். எஞ்சியவற்றை ஒன்றுஞ் செய்யாது விட்டார். பின்னர் ஒவ்வோர் ஆணின் எல்லைக்குள்ளும் எத்துணைப் பேடைகள் கூடமைத்தன என்று எண்ணினார். வால் நீட்டப்பெற்ற ஆண்களே மிகுதியான பேடைகளைக் கவர்ந்தன. வால் குறைந்தவையும் தம் எல்லையைப் பிறவற்றிடம் இழந்துவிடவில்லை. ஆதலின் வால் ஆண்களுக்கிடையே நிகழும் போரில் அன்றிப் பேடையின் கண்ணிலேயே மதிப்புப் பெற்றது என்பது புலனாயிற்று. 1982-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி வெளிவந்தபோது டார்வின் இறந்து சரியாக நூறாண்டுகள் ஆகியிருந்தன.

பேடை தெரிகின்றது என்பது தெளிந்தபின், எதனைத் தெரிகின்றது என்னும் வினா எழும். எல்லாப் பேடையும் உடலின் அணியையே நோக்குவதில்லை. தொழிற்றிறத்தை நோக்குவனவும் உள. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர்க் கிணற்றின்மேற் சாய்ந்த மரங்களிலும் பனையோலைகளிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை அறியாதார் யார்? மின்மினியைக் களிமண்ணிற் பதித்துக் கூட்டிற்கு விளக்கிடும் என்று அக்குருவியைப் பற்றிக் கதையும் வழங்குகின்றது. ஆயினும் அதன் உண்மை வாழ்க்கை கதையினும் சுவையுடையது. பறவைநூல் வல்லுநர் சாலிம் அலி 1930-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கிகீம் என்னும் சிற்றூரில் இக்குருவிகளை நாடோறும் உற்றுநோக்கி, அடுத்த ஆண்டில் தாம் கண்டவற்றை வெளியிட்டார்.

கூடு பின்னுவது ஆண்குருவியே. புல்லையும் நெல்லின் தாளையும் ஓலையையும் நாராகக் கிழித்துக் கொணர்ந்து, ஊசியும் நூலுமின்றி அலகொன்றாலேயே முடிந்து பின்னுகின்றது. ஆனால் முழுக்கூட்டையும் அது முதலிற் பின்னிவிடுவதில்லை. கூடு பாதியளவு உருவானதும் வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பாடிப் பேடைகளை அழைக்கின்றது. பேடைகள் வந்து உள்ளே புகுந்து, வீடு வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பது போலக் கூட்டை ஆராய்கின்றன. ஒரு பேடை உவந்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே ஆண் எஞ்சிய பகுதியையும் நீண்ட வாயிற்குழலையும் பின்னி முடிக்கின்றது. பின்னர் முட்டையையும் குஞ்சையும் பேடையின் பொறுப்பில் விட்டு, வேறொரு கூடு தொடங்கி வேறொரு பேடையை அழைக்கப் புறப்படுகின்றது. மரத்திற் குறையாய்த் தொங்கும் கூடுகள் பல, பேடைகளால் மறுக்கப்பட்டவையே.

கூடு குஞ்சுகளுக்கு உறையுளாகவேனும் பயன்படுகின்றது. ஒன்றற்கும் பயன்படாத மாளிகையை எழுப்பும் பறவைகள் ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் உள்ளன. அவற்றைப் பந்தர்ப்பறவை எனலாம். 1872-ஆம் ஆண்டில் நியூகினியின் ஆர்பாக் மலைக்காட்டில் இத்தாலியத் தாவரநூலார் ஒடோவார்டோ பெக்காரி, பூவும் கனியும் பரப்பிய முற்றத்தோடு கூடிய சிறு குடிசையொன்றைக் கண்டார். அது மக்கள் கைவினையன்று, பறவையின் வேலை. கீழை ஆஸ்திரேலியாவில் வாழும் பட்டொளிப் பந்தர்ப்பறவையின் ஆண், நிலத்தில் இரு வரிசையாய்ச் சுள்ளிகளை நட்டு நடுவே ஒரு நடைவழி அமைக்கின்றது. மென்ற தழைச்சாற்றை அச்சுவர்களிற் பூசுகின்றது. முற்றத்தில் நீலநிறப் பொருள்களைத் தேடிக் குவிக்கின்றது. நீல இறகும் நீலப் பூவும் அரிதாயின், மக்கள் எறிந்த நீலப் பிளாஸ்டிக் மூடிகளும் அதற்கு மணியாரமே. அண்டைப் பறவையின் முற்றத்திலிருந்து திருடிக்கொள்வதும் உண்டு. பேடை பல பந்தர்களைச் சுற்றிப் பார்த்து ஒன்றைத் தெரிகின்றது. அதன்பின் தனியே சென்று மரத்திற் கூடு கட்டித் தானே குஞ்சு வளர்க்கின்றது.

இப்பந்தரின் உட்பொருள் அண்மைக் காலத்திலேயே விளங்கிற்று. ஆணின் ஆட்டம் வேகமும் முரட்டுத்தன்மையும் உடையது. சிறகை விரித்து ஓடிவந்து உரத்த ஒலியெழுப்பும்போது பேடை அஞ்சிப் பறந்துவிடுதல் உண்டு. சுள்ளிச் சுவர்களுக்கிடையே நிற்கும் பேடைக்கு அச்சுவர் ஓர் அரண். வேண்டாதபோது பின்புறமாய் வெளியேறலாம். பேடையைப் போலச் செய்த இயந்திரப் பாவையொன்றைப் பந்தரில் நிறுத்தி, அஞ்சினாற் போலத் துணுக்குறச் செய்து, ஆண்கள் என்செய்கின்றன என்று ஆராய்ச்சியாளர் பார்த்தனர். சில ஆண்கள் உடனே தம் ஆட்டத்தைத் தணித்துக்கொண்டன. சில பொருட்படுத்தாது மேலும் ஆடின. பேடையின் அச்சத்தைக் குறிப்பாலறிந்து அடங்கத் தெரிந்த ஆண்களே உண்மையில் மிகுதியான பேடைகளால் தெரியப்பட்டன என்று 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சி காட்டிற்று. வலிமையோடு, வலிமையை அடக்கும் அறிவும் சீர்தூக்கப்படுகின்றது.

நிலத்தில் மட்டுமன்றி நீரினுள்ளும் இத்தகைய தச்சர் உளர். ஜப்பானின் தென்பகுதியிலுள்ள அமாமி ஓஷிமா தீவையடுத்த கடலடி மணலில், ஏறக்குறைய 2 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கோலங்களை நீர்மூழ்குவோர் 1995-ஆம் ஆண்டளவிற் கண்டனர். அவற்றை வரைந்தது யாரென்பது பல்லாண்டு மறைபொருளாயிருந்தது. பேத்தை மீன் வகையைச் சேர்ந்த, அரைச்சாண் அளவே உள்ள ஓர் ஆண்மீனே அதனை வரைகின்றது என்பது பின்னர் அறியப்பட்டது. துடுப்பையும் வயிற்றையும் கொண்டு மணலை உழுது, 7 முதல் 9 நாள் இரவும் பகலும் உழைத்து, கதிர்போல் விரிந்த வரப்புகளை எழுப்பி, அவற்றின்மேற் சிப்பித் துண்டுகளை வைத்து அழகுபடுத்துகின்றது. அவ்வமைப்பினால் நடுவட்டத்தில் நுண்மணல் சேர்கின்றது. பெண்மீன் வந்து பார்த்து உவந்தால் அந்நடுவிடத்தில் முட்டையிட்டுச் செல்கின்றது. ஆணோ குஞ்சு பொரியுமளவும் காவலிருக்கின்றது. அடுத்த முறை பழைய கோலத்தைப் பயன்படுத்தாது முதலிலிருந்தே புதிதாய் வரைகின்றது.

இதுகாறும் கூறியவை உழைப்பினால் தரும் விலை. உயிரையே விலையாகத் தருவனவும் உள. நடு அமெரிக்காவிலுள்ள துங்காரா என்னும் சிறு தவளையின் ஆண், இரவில் நீர்நிலையிலிருந்து நீண்டதோர் ஓசையெழுப்பிப் பெண்ணை அழைக்கின்றது. அவ்வோசையின் இறுதியிற் குறுகிய ஒலிகளைச் சேர்த்தால் பெண் தவளை மிகவும் விரும்புகின்றது. ஆனால் அவ்வொலியைக் கேட்டுத் தவளையைப் பற்றித் தின்னும் வௌவாலும் அங்கே உண்டு. அதுவும் அவ்வொலி சேர்ந்த அழைப்பையே நாடி வருகின்றது. 1981-இல் பனாமா நாட்டு ஆராய்ச்சியால் இது தெளிவாயிற்று. தனித்திருக்கும் தவளை அவ்வொலியைச் சேர்க்கத் தயங்குகின்றது. போட்டியாளர் பலர் சூழ இருக்கும்போதோ துணிந்து சேர்க்கின்றது. பெண்ணின் செவியும் பகையின் செவியும் ஒன்றையே கேட்குமாயின், பாடவும் முடியாது, பாடாதிருக்கவும் முடியாது.

ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியின் செயல் இதனினும் வியப்புடையது. ஆண்சிலந்தி பெண்ணை நோக்கச் சிறு துளி போன்றது. கூடுங்காலத்தில் அது தானே குட்டிக்கரணமிட்டுத் தன் உடலைப் பெண்ணின் வாய்க்கு நேரே வைக்கின்றது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அப்போதே உண்ணப்படுகின்றன. மேடியன் ஆண்ட்ரேட் என்னும் விலங்கியலார் 1996-ஆம் ஆண்டில் இதன் காரணத்தைக் காட்டினார். உண்ணப்படும் ஆண் நெடுநேரம் கூடுகின்றது. மிகுதியான முட்டைகளுக்குத் தந்தையாகின்றது. அப்பெண் பின்னர் வேறோர் ஆணை ஏற்பதும் குறைகின்றது. வலை வலையாய்த் தேடியலையும் ஆண்களுட் பெரும்பாலன வழியிலேயே மடிவதால், பிழைத்துச் சென்றாலும் இரண்டாவதொரு பெண்ணைக் காண்பது அரிது. எனவே உயிரைக் கொடுத்தல் அதற்கு இழப்பாவதில்லை.

விலை உண்டென்றால் வஞ்சகமும் உண்டு. ஐரோப்பாவில் வாழும் ஒருவகைச் சிலந்தியின் ஆண், பூச்சியைப் பிடித்துப் பட்டிழையாற் பொதிந்து பெண்ணுக்குப் பரிசாகக் கொணர்கின்றது. பெண் அதனை உண்டுகொண்டிருக்கையில் ஆண் கூடுகின்றது. ஆனால் சில ஆண்கள் பூச்சியின் வெற்றோட்டையும் செடியின் துணுக்கையும் பொதிந்து கொணர்கின்றன. பொதியை அவிழ்த்துப் பார்க்கும் பெண் ஏமாற்றத்தை உணர்ந்ததும் கூட்டத்தை விரைவில் முடித்துவிடுகின்றது. பெண் பரிசோடு ஓட முயலுமாயின், ஆண் பரிசைப் பற்றியவாறே செத்தது போலக் கிடந்து, சமயம் பார்த்து உயிர்த்தெழுதலும் உண்டு.

இவ்வளவும் கேட்டோர், ஆணே எங்கும் இரப்பதும் பெண்ணே எங்கும் தெரிவதும் ஏன் என்று வினவலாம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் டிரிவர்ஸ் 1972-ஆம் ஆண்டில் இதற்கு எளியதொரு விளக்கம் தந்தார். மகவைப் பேணுவதற்கு எப்பால் மிகுதியாய்ச் செலவிடுகின்றதோ அப்பாலே கவனமாய்த் தெரியும். குறைவாய்ச் செலவிடும் பால் அதனைப் பெறப் போட்டியிடும் என்பது அது. இவ்விதி மெய்யாயின், ஆண் பேணும் இனத்தில் நிலைமை தலைகீழாதல் வேண்டும். அங்ஙனமே ஆகின்றது. அல்லியும் தாமரையும் படர்ந்த நம் ஏரிகளில் இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைக் காண்க. அதன் பெண் ஆணினும் உடல் பெரியது. பெண்களே எல்லைக்காகப் போரிடுகின்றன. ஒரு பெண் ஒரே பருவத்தில் ஆண்கள் பலவற்றோடு கூடி, ஒவ்வொன்றன் கூட்டிலும் முட்டையிட்டுச் செல்கின்றது. அடைகாத்துக் குஞ்சைக் காப்பது ஆணின் கடமை.

ஆயினும் இயற்கை எவ்விதிக்கும் முழுதும் அடங்குவதன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் கடற்குதிரைகளில், பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப்பையில் இட்டுவிட, ஆணே கருச்சுமந்து ஈனுகின்றது. உலர்த்தி மருந்துக்கென விற்கும் வாணிகத்தினின்றும் காக்கும்பொருட்டு 2001-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் அவற்றைப் பிடித்தலைத் தடை செய்தது. கடற்குதிரை இனங்கள் சிலவற்றில் இணைகள் நாடோறும் காலையில் ஒன்றையொன்று சந்தித்து, நிறம் மாறி, வால் கோத்து ஆடிப் பிரிகின்றன. கருச்சுமப்பது ஆணாயிருந்தும், இணைக்காக மிகுதியாய்ப் போட்டியிடுவதும் ஆணே. அதன் உறவாகிய குழாய்மீன்கள் சிலவற்றிலோ, பெண்ணே அணியுடையதாய்ப் போட்டியிடுகின்றது.

பார்த்தவர் கண் எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு ஆழ்கடல் தூண்டில்மீன் நல்ல சான்று. 1922-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டு மீன்நூலார் பியார்னி சேமுண்ட்சன், பெருமீனொன்றின் வயிற்றில் இரண்டு சிறு மீன்கள் வாயால் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டு, அவற்றைக் குஞ்சுகள் என்று கருதினார். மூன்றாண்டு கழித்து டேட் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் அத்தகைய சிறுமீனொன்றை அறுத்துப் பார்த்து, அது குஞ்சன்று, கணவனே என்று கண்டார். இருண்ட ஆழத்திற் பெண்ணைக் கண்டடைந்த ஆண் அதனுடலைக் கடித்துப் பற்ற, இரண்டன் தசையும் குருதிக் குழாயும் ஒன்றாகி, ஆண் வாணாள் முழுதும் பெண்ணின் குருதியாலேயே வாழ்கின்றது. அயலுடலைப் புறந்தள்ளும் ஆற்றலுக்கு இன்றியமையாத மரபணுக்கள் சிலவற்றை இம்மீன்கள் இழந்திருத்தலே இவ்வொன்றிப்பை இயல்விக்கின்றது என்று 2020-ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இருபாலும் ஒத்து ஆடும் மணமும் இல்லாமல் இல்லை. ஜூலியன் ஹக்ஸ்லி 1912-ஆம் ஆண்டு இளவேனிலில் இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கத்தில் கொண்டை முக்குளிப்பான்களைப் பார்த்திருந்து, 1914-இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையன. இரண்டும் நீரில் மூழ்கி, அலகிற் பாசியைக் கவ்வி எழுந்து, மார்போடு மார்பு சேர நீர்மேல் நிமிர்ந்து நின்று தலையசைக்கின்றன. அழைப்பதும் தெரிவதும் இரண்டற்கும் ஒக்கும். இணைபிரியா வாழ்வுக்கு அன்றிலைக் காட்டும் நம் புலவர் நெஞ்சம் இக்காட்சியில் மகிழும்.

ஆனால் இவ்விடத்தும் கண்ணை நம்பி அறநூல் இயற்றிவிடலாகாது. இணையாய் வாழும் பறவைகளின் குஞ்சுகளை மரபணுச் சோதனையால் ஆராய்ந்தபோது, அக்குஞ்சுகளின் தந்தை பலவேளை கூட்டிலுள்ள ஆணன்று என்பது வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நீலமணி போலும் அழகுடைய ஒரு சிறு குருவியின் குஞ்சுகளுட் பாதிக்கு மேற்பட்டவை அத்தகையன. அமெரிக்காவில் பிணந்தின்னும் கரும்பாறுகளைச் சோதித்தபோதோ, இணைக்குப் புறம்பான குஞ்சு ஒன்றேனும் காணப்படவில்லை. அழகிய குருவி அறந்தவறியதும் அன்று. அருவருக்கப்படும் பாறு கற்புடையதும் அன்று. அறம் என்னும் சொல் அவற்றின் வாழ்வுக்கு உரியதேயன்று.

மயிலுக்கே திரும்புவோம். இங்கிலாந்தின் விப்ஸ்னேடு பூங்காவில் ஆராய்ந்த மரியன் பெட்ரி, தோகையிற் கண்கள் மிக்க ஆண்களே மிகுதியாய்க் கூடின என்றும், அணிமிக்க தோகையுடைய ஆண்களின் குஞ்சுகள் நன்கு வளர்ந்து பிழைத்தன என்றும் 1991-இலும் 1994-இலும் வெளியிட்டார். ஜப்பானில் ஏழாண்டு ஆராய்ந்த மற்றொரு குழுவினர் அத்தகைய விருப்பத்தைக் காணவில்லையென்று 2008-இற் கூறினர். பேடையின் தலையிற் சிறு கருவியைப் பொருத்தி அதன் பார்வை செல்லுமிடத்தை அறிந்த 2013-ஆம் ஆண்டு ஆராய்ச்சி, அது தோகையின் மேற்பகுதியைவிடக் கீழ்ப்பகுதியையே மிகுதியாய் நோக்கிற்று என்று காட்டியது. நாம் கண்டு மயங்கும் இடம் வேறு. பேடை உற்று நோக்கும் இடம் வேறு. டார்வினை வருத்திய இறகு இன்னும் ஆராய்ச்சியாளரை விட்டபாடில்லை.

இனி, இவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? ஆண் ஆளவும் பெண் அடங்கவும் இயற்கையே விதித்தது என்று மேடையிலும் இல்லத்திலும் வாதிடுவோர் உளர். அவர்க்கு இலைக்கோழியைக் காட்டி வாய் அடைக்கலாம். ஆயின் இலைக்கோழியை வைத்துப் பெண்ணாட்சியை நிறுவப் புகுவோனும் அதே பிழையையே செய்கின்றான். செம்முதுகுச் சிலந்தியை அவன் எங்கே வைப்பான்? நம் நாட்டில் மணமகளின் ஒப்புதலைக் கேளாமலே மணத்தைப் பேசி முடித்தல் பல குடும்பங்களில் இன்றும் நிகழ்கின்றது. அது தகாது என்பதற்கு மயிற்பேடையைச் சான்றுக்கு அழைக்க வேண்டுவதில்லை. அவளும் தேவ சாயலாகப் படைக்கப்பட்டவள் என்பதும், அவளுக்கும் மனச்சாட்சி உண்டென்பதுமே போதும். இயற்கை நமக்குச் சட்டம் வகுத்துத் தருவதில்லை.

அது தருவது வேறொன்று. பேடை தெரிகின்றது என்னும் உண்மை எல்லார் கண்முன்னும் என்றும் இருந்தது. கிணற்றடியிற் கூட்டைச் சுற்றும் குருவியைப் பார்த்த எவரும் கண்டிருக்கலாம். காணவொட்டாது மறைத்தது முன்னரே நெஞ்சிற் கொண்ட துணிபு. ஏதேன் தோட்டத்தில் ஆண்டவர் விலங்கையும் பறவையையும் ஆதாமிடம் கொணர்ந்து, அவன் அவற்றிற்கு என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாக ஆதியாகமம் கூறுகின்றது. பெயரிடும் முன் ஒன்றை உள்ளவாறு நோக்குதல் வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்கடமை என்பது எம் கருத்து. கணவனைக் குஞ்சென்று பெயரிட்டதும், தெரிபவளைத் தெரியாதவள் என்று எண்ணியதும் நோக்காது பெயரிட்டதன் விளைவு. பறவைகளிடத்திற் செய்த பிழையை ஆராய்ச்சி திருத்திவிட்டது. மக்களிடத்தில் அதனைத் திருத்துதல் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.